பாட்டுக்குள் உங்களுக்கு ஓர் இடம்: ஆல்டர்நேட்டிவ் ராக் கேட்கத் தொடங்குவோருக்கு

ஆல்டர்நேட்டிவ் ராக் கேட்கத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் வந்ததும் கேட்பது, "இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?" என்றுதான். சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுக்கு அந்தக் கேள்வி இயல்பானது. நம் திரைப்பாட்டில் யார் பாடுகிறார், யாரை நினைத்துப் பாடுகிறார், எதற்காக உருகுகிறார் என்பதெல்லாம் படத்தின் கதையிலேயே இருக்கும். இந்த இசையில் அப்படி ஒரு கதை கூடவே வராது. 1980களில் அமெரிக்கக் கல்லூரி வானொலிகளிலும் பிரிட்டனின் சிறு இசை நிறுவனங்களிலும் வளர்ந்த இந்தப் பாட்டுகளை எழுதியவர்களில் பலர், பாதியைச் சொல்லி மீதியை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். விட்டதை நிரப்புவது கேட்பவர் வேலை. அந்த வேலையை மனம்போனபடி செய்யலாம், நேர்மையாகவும் செய்யலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த இசையோடு வாழ்ந்தவன் என்ற உரிமையில், நேர்மையாகச் செய்யும் வழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதல் தடவை, வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி நகரம் இருக்கிறது. அங்கே 1980-ல் உருவான ஆர்.இ.எம். குழுவின் முதல் முழு ஆல்பமான 'மர்மர்' 1983-ல் வந்தது. பாடகர் மைக்கேல் ஸ்டைப் சொற்களை வாய்க்குள்ளேயே உருட்டுவார். அமெரிக்கர்களுக்கே பாதி பிடிபடவில்லை. அந்தக் குழு தன் ஆல்பத்தோடு பாட்டு வரிகளை முழுமையாக அச்சிட்டுக் கொடுத்தது 1998-ல் வந்த 'அப்' ஆல்பத்தில்தான். இடையில் 1988-ல் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். ஆகவே, ஆங்கிலம் முழுவதும் பிடிபடவில்லையே என்று நீங்கள் கூச்சப்பட வேண்டாம். பிடிபடாமல் கேட்பதும் இந்த இசையின் மரபுதான்.

முதல் தடவை கேட்கையில் இரண்டு மூன்று சொற்கள் மட்டும் தெளிவாக வந்து காதில் விழும். அவை எவை என்று கவனித்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டை நால்வர் சேர்ந்து கேட்டாலும் நால்வருக்கும் ஒரே சொல் விழாது. உங்கள் காது எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்ததோ அந்தச் சொல்தான் உங்களுக்குக் கேட்டிருக்கும். உங்கள் அர்த்தம் அங்கேதான் முளைவிடுகிறது.

2. அடுத்து, வரிகளை ஒழுங்காகப் படியுங்கள்.

முதல் அறிவுரையோடு நின்றுவிடுபவர்கள் உண்டு. "எனக்குத் தோன்றுவதுதான் அர்த்தம், வரி எதற்கு?" என்பார்கள். அது சோம்பல். பாட்டு உங்களிடம் என்ன சொன்னது என்று தெரியாமல் நீங்கள் அதற்குச் சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை.

படிக்கும்போது எந்தப் பிரதியைப் படிக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வரிகளில் பெரும்பகுதி யாரோ ரசிகர் காதால் கேட்டு எழுதியது. ஆல்பத்தோடு வந்த சிறுநூலில் வரிகள் இருந்தால் அதையே நம்புங்கள். அதுவும் எல்லா நேரமும் கிடைக்காது. நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பரில் வந்தபோது, பல பாட்டுகளிலிருந்து பிய்த்தெடுத்த வரிகளை ஒரே பத்தியாகக் கோத்து அச்சிட்டிருந்தார்கள். முழு வரிகளும் அடுத்த ஆண்டு 'லித்தியம்' தனிப்பாட்டு வெளியீட்டோடுதான் வந்தன. பேர்ல் ஜாம் குழுவின் 'யெல்லோ லெட்பெட்டர்' பாட்டுக்கு நிலைத்த வரிகள் என்று எதுவுமே இல்லை. எடி வெடர் மேடைக்கு மேடை சொற்களை மாற்றிப் பாடுவார். அப்படிப்பட்ட பாட்டில் வரிக்காகச் சண்டை போடாதீர்கள். குரல் எங்கே உடைகிறது, எங்கே ஏறுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

3. இது யார் கூற்று என்று கேளுங்கள்.

இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்து மற்றதையெல்லாம் மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

அகப்பாடல் படித்த நமக்கு இது பழகிய வழிதான். பாடலுக்குள் நுழையுமுன் இது தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா என்று கேட்கப் பள்ளியிலேயே கற்றுக்கொண்டோம். பாடுபவள் தலைவி என்றால், எழுதிய புலவர் அதை வாழ்ந்தாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் ஆங்கில ராக் பாட்டில் 'நான்' என்று வந்த உடனே, அது பாடகரின் நாட்குறிப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பழக்கம் பல பாட்டுகளைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வைக்கிறது.

நிர்வாணாவின் 'பாலி' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கிட்டாரோடு மெதுவாக நகர்கிற பாட்டு. 1987-ல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கடத்தப்பட்டாள். அவள் தப்பித்து வந்த செய்தியைப் படித்து, குழுவின் பாடகர் கர்ட் கோபேன் எழுதியது அது. பாட்டில் பேசுகிறவன் கடத்தியவன். அவன் வாயாலேயே அவனைக் காட்டிக்கொடுக்கிறார் கோபேன். கூற்றைக் கவனிக்காதவர்களுக்கு அது வெறும் மெல்லிய பாட்டு. அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே இருவர் ஒரு பெண்ணை வன்கொடுமை செய்தார்கள் என்று அறிந்தபோது கோபேன் நொறுங்கிப்போனார். 1992 இறுதியில் வந்த 'இன்செஸ்டிசைட்' தொகுப்பின் குறிப்பில் அதைக் கசப்போடு எழுதி, பெண்களையும் வேறு நிறத்தவர்களையும் ஓரினக் காதலர்களையும் வெறுப்பவர்கள் எங்கள் நிகழ்ச்சிக்கு வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இதைவிடச் சாதாரணமான உதாரணமும் உண்டு. ஆர்.இ.எம். குழுவுக்கு அமெரிக்காவில் முதல் பெரிய வெற்றியைக் கொடுத்த 1987-ன் 'தி ஒன் ஐ லவ்' பாட்டைக் காதலிக்குக் காணிக்கையாக வானொலியில் கேட்டு வாங்கியவர்கள் ஏராளம். அதில் பேசுகிறவன் மனிதர்களைப் பயன்படுத்தித் தூக்கி எறிபவன். அவனை வெறுக்கும்படிதான் ஸ்டைப் எழுதினார்.

கூற்று யாருடையது என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி எழ வேண்டும்: இந்த ஆள் எனக்குள் இருக்கிறானா? சில பாட்டுகளில் உங்களுக்குக் கிடைக்கும் அர்த்தம் ஆறுதலாக இருக்காது. 'தி ஒன் ஐ லவ்' கேட்டு, அவனுடைய குரலில் தன் குரலை அடையாளம் கண்டுகொண்டு, ஒரு பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்ட இளைஞனை எனக்குத் தெரியும். அவன் கண்டெடுத்ததும் சொந்த அர்த்தம்தான், அதுவும் மிக நல்ல அர்த்தம்.

4. மெட்டு சொல்வதையும் சொல் சொல்வதையும் தனித்தனியே கேளுங்கள்.

சிகாகோவின் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் 1993-ல் வெளியிட்ட 'டுடே' பாட்டின் கிட்டார் தொடக்கத்தைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக் காலை போல இருக்கும். அதன் படக்காட்சியில் ஐஸ்கிரீம் வண்டி வேறு வருகிறது. பில்லி கோர்கன் அதை எழுதியது தற்கொலை எண்ணம் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில். 2010-ல் வந்த ஃபாஸ்டர் தி பீப்பிள் குழுவின் 'பம்ப்டு அப் கிக்ஸ்' பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டு ஆடினார்கள். அதற்குள் துப்பாக்கி எடுக்க நினைக்கும் ஒரு பையனின் மனம் இருக்கிறது.

இதை ஏமாற்று என்று நினைக்காதீர்கள். இருட்டான சொல்லை இருட்டான மெட்டில் வைத்தால் அது ஒப்பாரியாகி, கேட்பவர் தள்ளி நின்றுவிடுவார். பிரகாசமான மெட்டில் வைத்தால், சிரித்த முகத்தோடு வேலைக்குப் போய்வந்துகொண்டே உள்ளே சிதைந்துகொண்டிருக்கும் ஒருவரின் வாழ்க்கை அப்படியே கிடைத்துவிடுகிறது. எங்கள் தெருவில் எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசும் ஒரு அண்ணன் இருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. 'டுடே' எனக்கு அவருடைய பாட்டு. மெட்டுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் அவரைக் கண்டேன்.

5. எழுதியவர் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

பேட்டிகளும் விளக்கங்களும் இன்று விரல்நுனியில் இருக்கின்றன. பாட்டைக் கேட்டு முடிப்பதற்குள் அதன் பின்கதையைத் தேடிவிடுகிறார்கள். சில வாரம் பொறுங்கள். உங்களுக்குள் ஏதாவது உருவாகட்டும், அதன் பிறகு தேடுங்கள்.

செமிசானிக் குழுவின் 'க்ளோசிங் டைம்' 1998-ல் வந்தது. மதுக்கடை மூடும் நேரத்துப் பாட்டு என்று எல்லோரும் கேட்டார்கள். இன்றும் விருந்துகள் முடிவது அந்தப் பாட்டோடுதான். எழுதிய டான் வில்சனின் மனைவி அப்போது கருவுற்றிருந்தார். எழுத எழுத அது ஒரு குழந்தை வெளியுலகுக்கு வருவதைப் பற்றிய பாட்டாக ஆகிவிட்டதை வில்சன் உணர்ந்தார். இதை அறிந்தபின் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கதவு திறக்கும். அறிந்துகொண்டே முதலில் கேட்டிருந்தால் ஒரு கதவு மட்டுமே திறந்திருக்கும். பிக்சீஸ் குழுவின் 'வேர் இஸ் மை மைண்ட்?' பாட்டுக்கு விதை, கரீபியக் கடலில் மூழ்கி நீந்தும்போது பிளாக் ஃபிரான்சிஸைத் துரத்த முயன்ற ஒரு சிறு மீன். 1988-ன் அந்தப் பாட்டு 1999-ல் 'ஃபைட் கிளப்' படத்தின் இறுதியில் ஒலித்த பிறகு, ஒரு தலைமுறைக்கே மனம் பிறழ்தலின் பாட்டாகிவிட்டது. மீனைப் பற்றித் தெரிந்துகொண்டதால் அந்தத் தலைமுறையின் அனுபவம் பொய்யாகிவிடாது.

ஆனால் தாமதிக்கக் கூடாத பாட்டுகளும் உண்டு. 1993 மார்ச் 20 அன்று இங்கிலாந்தின் வாரிங்டன் நகரக் கடைத்தெருவில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக்குழு வைத்த குண்டுகள் வெடித்து இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். ஒருவனுக்கு மூன்று வயது, இன்னொருவனுக்குப் பன்னிரண்டு. அயர்லாந்தின் லிமெரிக் பகுதியில் பிறந்த டோலரஸ் ஓ'ரியார்டன் அந்தக் கோபத்தில் எழுதியது கிரான்பெரீஸ் குழுவின் 'ஸாம்பி'. தன் நாட்டு விடுதலையின் பெயரால் நடந்த கொலை தன்னுடையதல்ல என்று ஓர் ஐரிஷ் பெண் கத்திச் சொன்ன பாட்டு அது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அதை வெறும் ஆவேசப் பாட்டாகவோ பேய்க்கதைப் பாட்டாகவோ வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை என்றே நினைக்கிறேன். உண்மையில் இறந்த குழந்தைகள் ஒரு பாட்டுக்குள் இருந்தால், அவர்களைத் தாண்டித்தான் நாம் நம்முடையதைத் தேட வேண்டும். அப்படித் தாண்டி வந்த பிறகு, போரில் பிள்ளையை இழந்த எந்த ஊர்த் தாயையும் அந்தக் குரலில் கேட்கலாம். ஈழத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் அப்படித்தான் கேட்கிறார். அவரிடம் யாரும் அதைத் தவறு என்று சொல்ல முடியாது.

6. உங்கள் அர்த்தமும் எழுதியவர் அர்த்தமும் மோதினால் பயப்படாதீர்கள்.

எடி வெடர் சான் டியாகோவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். சியாட்டிலிலிருந்து பாட்டில்லாத இசை மட்டும் பதிந்த கேசட் ஒன்று அவர் கைக்கு வந்தது. அலைச்சறுக்குக்குப் போய்வந்து, அந்த இசைக்கு அவர் வரி எழுதிய பாட்டுகளில் ஒன்றுதான் 'அலைவ்'. அப்பா என்று நம்பி வளர்ந்தவர் மாற்றாந்தந்தை என்றும், பெற்ற தந்தை இறந்துவிட்டார் என்றும் பதின்வயதில் அறிந்த ஒரு பையனின் பாட்டு அது. அது வெடரின் சொந்தக் கதையும்கூட. உயிரோடிருப்பது அந்தப் பையனுக்குச் சுமை, சாபம்.

1991-ல் அந்தப் பாட்டோடு பேர்ல் ஜாமின் 'டென்' ஆல்பம் வந்தது. அரங்குகளில் பல்லாயிரம் பேர் அந்தப் பல்லவியைக் கை உயர்த்திப் பாடினார்கள். அவர்களுக்கு அது பிழைத்து நிற்பதன் கொண்டாட்டம். நோயிலிருந்து மீண்டவர்கள், குடியிலிருந்து மீண்டவர்கள், வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள் எல்லோரும் அதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். எழுதியவர் நினைத்ததற்கு நேர் எதிர். வெடர் இதற்காக ரசிகர்களைக் கண்டிக்கவில்லை. 2006-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஆண்டுக்கணக்கில் அவர்கள் அப்படிப் பாடிப் பாடியே தன் சாபத்தை நீக்கிவிட்டார்கள் என்ற கருத்தில் பேசினார். எழுதியவருக்கே தெரியாத விடுதலை அந்தப் பாட்டுக்குள் இருந்திருக்கிறது. கேட்டவர்கள் அதைக் கண்டுபிடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இந்த இசையில் நான் அறிந்த மிகப் பெரிய சம்பவம் இதுதான்.

க்ரீன் டே குழுவின் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்குக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1982 செப்டம்பரில், அவர் தந்தை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தைப் பாட்டாக்க அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2004-ல் 'அமெரிக்கன் இடியட்' ஆல்பத்தில் 'வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்' வந்தது. படக்காட்சி அதை இராக் போர் பிரித்த காதலர்களின் கதையாக்கியது. 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது அந்த ஊரின் பாட்டானது. இரட்டைக் கோபுரத் தாக்குதலை நினைத்துக் கேட்டவர்களும் உண்டு. தந்தையை இழந்த பத்து வயதுப் பையன் இத்தனைக்கும் நடுவே இன்னும் அங்கேயே நிற்கிறான். நீங்கள் அந்தப் பாட்டுக்குள் உங்கள் துக்கத்தைக் கொண்டுபோகும்போது அவனைத் தள்ளிவிடாமல் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். இரண்டு அர்த்தமும் ஒரே பாட்டில் இருக்க இடம் உண்டு.

7. பாட்டு கைமாறும்போது கூர்ந்து கேளுங்கள்.

நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர் இருபதுகளின் இறுதியில் எழுதிய 'ஹர்ட்', 1994-ன் 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஓர் இளைஞனின் அறைக்குள்ளிருந்து வருவது. 2002-ல் எழுபது வயதுப் பாடகர் ஜானி கேஷ், உடல் தளர்ந்த நிலையில், அதைப் பாடினார். ஒரு சொல்லைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை. ஆனால் அது முழு வாழ்க்கையையும் திரும்பிப் பார்க்கும் கிழவரின் கணக்குத் தீர்ப்பாகிவிட்டது. மார்க் ரொமானெக் எடுத்த படக்காட்சியில் கேஷின் மனைவி ஜூன் கார்ட்டர் அவரைப் பார்த்தபடி நிற்கிறார். 2003 மே மாதம் அவரும் செப்டம்பரில் கேஷும் இறந்தார்கள். முதலில் தயங்கிய ரெஸ்னர், படக்காட்சியைப் பார்த்தபின் அந்தப் பாட்டு இனித் தன்னுடையதில்லை என்று உணர்ந்ததாகச் சொன்னார்.

இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேளுங்கள். இளையவர்கள் ரெஸ்னரையும் என் வயதினர் கேஷையும் தங்களுடையதாக எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சொல் ஒன்றாகவே இருந்து, சொல்பவரின் வயது மட்டும் மாறினால் அர்த்தம் எவ்வளவு தூரம் நகரும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

8. உங்கள் அர்த்தம் ஓர் இடத்தில், ஓர் ஆளிடம், ஒரு நாளில் நிற்கட்டும்.

"இது தனிமையைப் பற்றிய பாட்டு" என்று சொன்னால் நீங்கள் இன்னும் எதையும் சொல்லவில்லை. யாருடைய தனிமை, எந்த அறையில்? ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் 'அண்டர் தி பிரிட்ஜ்' ஆண்டனி கீடிஸின் குறிப்பேட்டில் கவிதையாகக் கிடந்தது. தயாரிப்பாளர் ரிக் ரூபின் அதைக் கண்டு பாட்டாக்கச் சொன்னார். கீடிஸ் தயங்கினார். போதைப்பழக்கத்தின் நினைவும் லாஸ் ஏஞ்சலீஸ் நகரமும் அதில் அவ்வளவு குறிப்பாக இருந்தன. அந்தக் குறிப்பான தன்மையால்தான் லாஸ் ஏஞ்சலீஸை வரைபடத்தில்கூடப் பார்க்காதவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவர் தன் நகரத்தைச் சொன்னபோது கேட்டவர் தன் நகரத்தை நினைத்துக்கொண்டார்.

ஆர்.இ.எம். குழுவின் 'நைட்ஸ்விம்மிங்' கேட்கும்போது எனக்கு எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணறு வந்துவிடும். பங்குனியில் மோட்டார் நின்ற பிறகு, பெரியவர்கள் தூங்கியதும், சித்தப்பா மகன்களோடு படியிறங்குவோம். கல்லில் பகல் சூடு இன்னும் இருக்கும், தண்ணீர் மட்டும் ஜில்லென்று இருக்கும். அந்த அண்ணன் தம்பிகளில் இருவர் இன்று எங்களோடு பேசுவதில்லை, பாகப்பிரிவினை வழக்கு. ஜார்ஜியாவில் எழுதிய பியானோ பாட்டு ஒன்றில் அந்த வழக்கும் அந்தக் கல்லின் சூடும் எப்படி வந்து உட்கார்ந்தன என்று எனக்கு விளக்கத் தெரியாது. ஆனால் 'இளமை பற்றிய பாட்டு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இவை எதுவும் வந்திருக்காது.

9. அர்த்தமே இல்லாத பாட்டையும் மதியுங்கள்.

'ஓகே கம்ப்யூட்டர்' வெற்றிக்குப் பிறகு எழுத்து வராமல் தவித்த ரேடியோஹெட்டின் தாம் யார்க், 2000-ல் வந்த 'கிட் ஏ' ஆல்பத்துக்காக வரிகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுத்தார். அதில் ரகசியச் செய்தி தேடி இரவுகளை வீணாக்காதீர்கள். நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' என்ற தலைப்பே, தோழி கேத்லீன் ஹன்னா சுவரில் கிறுக்கிய கேலி வாசகத்திலிருந்து வந்தது. டீன் ஸ்பிரிட் ஒரு வாசனைப் பூச்சின் பெயர் என்றுகூடக் கோபேனுக்கு அப்போது தெரியாது.

ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2002-ல் வந்த அவர்கள் ஆல்பத்துக்குப் பெயர் இல்லை, அட்டையில் இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும். எட்டுப் பாட்டுகளுக்கும் பெயர் வைக்கவில்லை. பாடியது எந்த மொழியும் அல்லாத ஒலிகளில். கூடவே வந்த சிறுநூலின் பக்கங்கள் வெறுமையாக இருந்தன, கேட்பவர் தனக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ள.

10. எழுதி வையுங்கள், தேதி போட்டு.

ஒரு பாட்டுக்கு நான்கு வரி போதும். ஐந்தாறு ஆண்டு கழித்து அதே பாட்டைக் கேட்டு, பழையதைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

11. துயரப் பாட்டோடு தனியே அடைந்துவிடாதீர்கள்.

இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜாய் டிவிஷன் குழுவின் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணம் புறப்படவிருந்த நாளுக்கு முந்தைய நாள், மேக்கிள்ஸ்ஃபீல்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். இருபத்து மூன்று வயது. வலிப்பு நோயும் மணவாழ்க்கையின் சிக்கலும் அவரை வாட்டின. அவர் எழுதிய வரிகளில் அந்த வலி வெளிப்படையாகவே இருந்தது. பக்கத்தில் நின்று வாசித்த நண்பர்கள், அந்த வரிகளைத் தாங்கள் அப்போது கவனித்துக் கேட்கவே இல்லை என்று பின்னாளில் வேதனையோடு சொன்னார்கள். பாட்டில் சொல்லிவிட்டால் மனிதரிடம் சொன்னதாக ஆகாது. கேட்பவருக்கும் அப்படித்தான். ஒரு பாட்டு உங்கள் வலியைப் புரிந்துகொண்டது என்று தோன்றினால், அந்தப் பாட்டையே எடுத்துக்கொண்டு ஒரு மனிதரிடம் போங்கள். "இதைக் கேளுங்களேன், எனக்கு இப்படித்தான் இருக்கிறது" என்று சொல்வது, நேரடியாகப் பேசுவதைவிட எளிது.

ஆர்.இ.எம். இதை உணர்ந்தே 'எவரிபடி ஹர்ட்ஸ்' பாட்டைச் செய்தார்கள். டிரம்ஸ் வாசிப்பவரான பில் பெர்ரி பெரும்பகுதி எழுதிய பாட்டு அது. புதிராகவே எழுதிவந்த குழு, பதின்வயதினருக்காக அந்த ஒரு பாட்டில் சொற்களை மிக எளிமையாக வைத்தது. 1995-ல் பிரிட்டனின் சமாரிட்டன்ஸ் என்ற உதவி அமைப்பு, இளைஞர்களுக்கான தன் விளம்பரமாக அந்தப் பாட்டின் வரிகளையே வெளியிட்டது. நம் பக்கத்தில் சென்னையில் 1986 முதல் ஸ்நேகா என்ற உதவி அமைப்பு இருக்கிறது. அழைத்துப் பேசத் தயங்காதீர்கள்.

12. பிறரிடம் சொல்லும்போது 'எனக்கு' என்று தொடங்குங்கள்.

"இந்தப் பாட்டு இதைப் பற்றியது" என்று சொன்னால் வாதம் தொடங்கும். "எனக்கு இந்தப் பாட்டில் என் அப்பா வருகிறார்" என்று சொன்னால் எதிரில் இருப்பவரும் தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்குவார். ஒருவர் அப்படிச் சொன்னது எவ்வளவு வினோதமாக இருந்தாலும் சிரிக்காதீர்கள், திருத்தாதீர்கள். வரலாற்றுத் தகவல் தவறாக இருந்தால் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். வாரிங்டன் குழந்தைகள் போன்ற விஷயங்களில் மௌனமாக இருப்பதும் சரியில்லை.

13. ஒரு நேரத்தில் ஓர் ஆல்பம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஆர்.இ.எம். குழுவின் 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' என்பேன். 1992-ல் வந்தது, பன்னிரண்டு பாட்டுகள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஏதென்ஸ் நகரத்துச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் வாசகத்தைத் தலைப்பாக வைத்தார்கள். இரண்டாம் பாட்டு 'ட்ரை நாட் டு ப்ரீத்'. அதைக் கேட்கும்போது மூன்றாம் அறிவுரையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சாவை எதிர்நோக்கும் முதியவர் ஒருவர் பேசுகிறார், எழுதிய ஸ்டைப்புக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நான் அதை முதலில் கேட்டபோது என் ஆத்தா நினைவுக்கு வந்தார், இப்போது என் பெயரன் என்னை எப்படி நினைவில் வைத்துக்கொள்வான் என்று யோசிக்கிறேன். 'எவரிபடி ஹர்ட்ஸ்' நான்காவது. 'நைட்ஸ்விம்மிங்' பதினோராவது, அதுவரை பொறுமையாக வரிசையிலேயே கேளுங்கள். பாட்டுகளை மாற்றி அடுக்காதீர்கள். ஒரு மாதம் இந்த ஒரு ஆல்பத்தோடு இருந்துவிட்டு, அடுத்து பேர்ல் ஜாமின் 'டென்' பக்கம் போகலாம்.